"தொடாதே" என்று எழுதி வைத்தால் போதுமா?

கார்த்திகை தீபத்தில் ஏறுகிற சீரியல் செட் இப்போதெல்லாம் பொங்கல் முடிந்துதான் இறங்குகிறது. நடுவில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, வைகுண்ட ஏகாதசி. யார் வீடு, எந்தச் சாமி என்ற வித்தியாசமே கிடையாது. கள்ளக்குறிச்சியில் புதுசாக வீடு கட்டியவர்கள் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து தெருக் கேட்டு வரைக்கும் பச்சை, நீலம், மஞ்சள் என்று தொங்க விடுகிறார்கள். பார்க்க அழகுதான். அதை நான் குறை சொல்லவில்லை. என் சண்டை அதன் பக்கத்தில் தொங்குகிற அட்டையோடுதான். "விளக்குகளைத் தொடாதீர்கள்" என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதி, கேட்டில் கட்டி விடுகிறார்கள். கட்டியதோடு தங்கள் கடமை முடிந்தது என்று உள்ளே போய் டிவி பார்க்கிறார்கள்.

முடியவில்லை ஐயா. அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மின்வாரியத்தில் வயர்மேனாகச் சேர்ந்து போர்மேனாக ஓய்வு பெற்றவன் நான். அதனால் இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருப்பதாக நினைக்கிறேன்.

முதலில், தொடுவது யார்? மூன்று வயதுக் குழந்தைக்கு அட்டையைப் படிக்கத் தெரியாது. கண் மங்கிய பாட்டிக்கு அட்டை தெரியவே தெரியாது, அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டுதான் படி ஏறுவார். வெளியூரிலிருந்து வந்த உறவுக்காரர் வாசலில் நின்று போட்டோ எடுக்கும்போது தூணில் சாய்வார். விடலைப் பையன் வேண்டுமென்றே ஒரு பல்பைப் பிடுங்கிப் பார்ப்பான். அட்டை யாரைத் தடுக்கும்? படிக்கத் தெரிந்து, நின்று படித்து, சொன்னபடி கேட்கிற ஆளை மட்டும். அந்த ஆள் அட்டை இல்லாவிட்டாலும் தொட மாட்டார்.

"எங்க வீட்டு லைட்டை இவங்க ஏன் சார் தொடணும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி போலத்தான் தெரியும். ஆனால் விளக்கை எந்தப் பக்கம் பார்த்து மாட்டினீர்கள்? தெருவைப் பார்த்து. நாலு பேர் நின்று பார்க்க வேண்டும் என்றுதானே மாட்டினீர்கள்? வாசலில் வெளிச்சம் போட்டு ஊரைக் கூப்பிட்டுவிட்டு, வந்தவர் கை நீட்டினால் கோபித்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்? கொலு வைக்கிற வீட்டில் குழந்தை பொம்மையைத் தொட்டால் பொம்மைதான் உடையும். இங்கே தொட்டால் உடைவது வேறு.

அகல் விளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் ஆபத்து உண்டு. திண்ணையில் வரிசையாக ஏற்றி வைத்த விளக்கில் பாவாடை பற்றிக்கொள்ளும் என்று நம் அம்மாக்கள் சொல்லிச் சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். ஆனால் நெருப்பு நேர்மையானது. கிட்டே போனாலே சுடும், குழந்தை தானாகவே கையை இழுத்துக்கொள்ளும். எல்.இ.டி. அப்படியில்லை. சூடு கிடையாது, சத்தம் கிடையாது, மிட்டாய் மாதிரி நிறம் வேறு. "வா, தொட்டுப் பார்" என்று கூப்பிடுகிற பொருளைக் குழந்தையின் கைக்கு எட்டுகிற உயரத்தில் கட்டிவிட்டு, தொடாதே என்கிறோம்.

அந்த விளக்குக்குள் என்ன இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. சின்ன பல்பு, சின்ன கரண்ட் என்று நினைக்கிறார்கள். பழைய குண்டு பல்பு செட்டில் ஒவ்வொன்றும் ஆறு வோல்ட் என்றால், நாற்பது பல்பு சுமார் வரிசையாகக் கோர்த்து நேரே 230 வோல்ட்டில் கொடுத்திருப்பார்கள். அந்த விடலைப் பையன் ஒரு பல்பைப் பிடுங்கினால் வரிசை முழுக்க அணைந்துபோகும். அணைந்துவிட்டதே, இனி ஒன்றும் இல்லை என்று விரலை ஹோல்டருக்குள் விட்டுப் பார்ப்பான். உண்மையில் அந்த நொடியில் முழு 230 வோல்ட்டும் நிற்பது அந்தக் காலி ஹோல்டரின் இரண்டு முனைகளுக்கு நடுவில்தான். இப்போது வரும் மலிவான எல்.இ.டி. செட்டும் பெரும்பாலும் இதே கதைதான். மினுக்குவதற்கு ஒரு சின்ன பெட்டி இருக்குமே, அதற்குள் டிரான்ஸ்பார்மர் இருக்கிறது என்று நினைத்து ஏமாறாதீர்கள். நாலு டயோடும் ஒரு ரெசிஸ்டரும் இருக்கும். வீட்டு மின்சாரம் அப்படியே வயருக்குள் ஓடும். வயர் நூல் தடிமன். இரண்டு முள் பிளக், எர்த் கிடையாது. ஜாயிண்ட் போட்ட இடத்தில் டேப்பும் இல்லாமல் பாலிதீன் சுற்றியிருக்கும்.

இதை எதில் கட்டுகிறோம்? இரும்பு கிரில் கேட்டில். எந்த மாதத்தில்? ஐப்பசி, கார்த்திகை அடைமழையில். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே பெஞ்சல் புயல் கரையைக் கடந்ததும், சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை கரை புரண்டதும் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு மறக்காது. இரண்டே வாரத்துக்குள், டிசம்பர் 13, கார்த்திகை தீபம். சுவரில் ஈரம் காயவில்லை. அந்தச் சுவரிலும் ஆணி அடித்து சீரியல் செட் தொங்கியது.

கேட்டைத் திறந்து மூடத் திறந்து மூட, நசுங்கிய வயரில் ஒரு முடி அளவு கீறல் விழுந்தால் போதும். கேட்டு முழுவதும் கரண்ட் ஏறி நிற்கும், ஒரு பொறிகூடப் பறக்காது. விருந்தாளியை விடுங்கள். மார்கழி விடிகாலை அஞ்சு மணிக்கு வெறுங்காலோடு வந்து, வாசலில் தண்ணீர் தெளித்து, அந்தத் தண்ணீரில் நின்றபடி கேட்டைத் திறக்கிறது யார்? உங்கள் வீட்டுப் பெண். அடுத்து வருகிறவர் பால்காரர். அவருக்கும் உங்கள் அட்டையைப் படிக்க வெளிச்சம் போதாது.

"எம்.சி.பி. இருக்கு சார், ஷாக் அடிச்சா விழுந்துடும்" என்பார்கள். இதுதான் நம் ஊரில் நிலவும் மிகப் பெரிய மூடநம்பிக்கை. கணக்கைப் பாருங்கள். உங்கள் எம்.சி.பி. ஆறு ஆம்பியரோ பத்து ஆம்பியரோ தாண்டினால்தான் விழும். மனிதன் பிடித்த பிடியை விட முடியாமல் கை இறுகுவதற்குப் பத்து, பதினைந்து மில்லி ஆம்பியர் போதும். நூறு மில்லி ஆம்பியர் என்றால் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடலாம். நூறு மில்லி ஆம்பியர் என்பது ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு. ஆள் துடித்துக்கொண்டிருப்பார், எம்.சி.பி. அசையாது. அது வயரைக் காப்பாற்ற வந்த சாமான், ஆளைக் காப்பாற்ற வந்ததல்ல.

ஆளைக் காப்பது ஆர்.சி.டி. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில், அதாவது ஒரு உடம்பு வழியாக மண்ணுக்குப் போனால், கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்ஜீல், எவ்வளவு கரண்ட் வரைக்கும் மனிதனால் கையை விடுவித்துக்கொள்ள முடியும் என்று தன்னார்வலர்களை வைத்து ஆராய்ந்தவர். அந்த ஞானத்தில்தான் 1961-ல் இந்த மாதிரிக் கருவியை உருவாக்கினார். கிறிஸ்துமஸ் மரத்தில் முதன்முதலாக மின்விளக்கு போட்டதும் அதே நாட்டில்தான், 1882-ல், நியூயார்க்கில், எட்வர்ட் ஜான்சன் என்கிற எடிசனின் கூட்டாளி. எண்பது பல்பு. விளக்கு போட ஆசைப்பட்ட நாடு, ஆளைக் காக்கவும் வழி தேடியது. நாம் விளக்கை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம்.

இதையெல்லாம்விடக் கொடுமையான ஒரு பேச்சு உண்டு. டீக்கடையில் என் காதாலேயே கேட்டேன். "லேசா கரண்ட் விட்டா ஒரு பையனும் கை வைக்க மாட்டான்." சொன்னவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்வராயன் மலை அடிவாரத்தில், காட்டுப்பன்றி கரும்பிலும் மரவள்ளியிலும் இறங்குகிறது என்று திருட்டுத்தனமாக வேலிக்குக் கரண்ட் விடுகிற பழக்கம் எங்கே கொண்டுவிடும் என்று நமக்குத் தெரியாதா? பன்றிக்கு வைத்த வேலியில் பக்கத்து வயல்காரர் செத்திருக்கிறார், வைத்தவரே இருட்டில் மறந்து மிதித்துச் செத்திருக்கிறார். 2023 மார்ச்சில் பக்கத்துத் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே இப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் செத்துக் கிடந்தன. தாயை இழந்த இரண்டு குட்டிகள் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்ததைப் படத்தில் பார்த்தோம். யானையையே சாய்க்கிற சாமானில் "லேசா" என்று ஒன்று கிடையாது.

சட்டமும் சும்மா விடாது. கவனக்குறைவால் ஒரு உயிர் போனால் பழைய சட்டத்தில் 304 ஏ பிரிவு, இரண்டு வருஷம் வரை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 106(1), ஐந்து வருஷம் வரை. வேண்டுமென்றே கரண்ட் விட்டால் அதற்கு மேல். "அட்டை மாட்டியிருந்தேன் எசமான்" என்றால் எடுபடாது.

களிமேட்டை யாராவது மறக்க முடியுமா? 2022 ஏப்ரல் 27 விடியற்காலை. தஞ்சாவூர் அருகே அப்பர் சதய விழாத் தேர், அலங்காரத்தோடு வீதி சுற்றி வருகையில் உச்சி உயரழுத்தக் கம்பியில் பட்டது. பதினோரு பேர் போனார்கள். அவர்கள் யாரும் தொடக்கூடாததைத் தொடவில்லை. சாமி தேரைத்தான் தொட்டிருந்தார்கள். அலங்காரம் செய்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, பக்திதான் இருந்தது. மின்சாரம் எண்ணத்தைப் பார்ப்பதில்லை.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்பீர்கள். விளக்கே வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை நான். தொட முடியாத இடத்தில் மாட்டுங்கள், அவ்வளவுதான். நின்ற ஆள் கையைத் தூக்கினாலும் எட்டாத உயரம், அதாவது சன்ஷேடுக்கு மேலே, மாடிச் சுவரின் வெளிப்பக்கம். கேட்டிலும் ஜன்னல் கம்பியிலும் துணி காயப்போடுகிற கம்பியிலும் கட்டவே கூடாது. கட்டுவதற்கு இரும்புக் கம்பி வேண்டாம், நூல் கயிறு போதும். பிளக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டியும் வீட்டுக்குள் இருக்கட்டும். கீழே விளக்கு வேண்டும் என்று ஆசையாக இருந்தால் அடாப்டரோடு வருகிற 12 அல்லது 24 வோல்ட் செட் வாங்குங்கள், அடாப்டரை உள்ளே வையுங்கள். தூங்கப் போகும்போது பிளக்கைப் பிடுங்குங்கள். மெயின் போர்டில் ஆர்.சி.டி. போடுங்கள். ஓரிரு ஆயிரம் ரூபாய் ஆகும், தீபாவளிக்கு அதற்கு மேல் புகையாக விடுகிறோம். போட்ட பிறகு மாதம் ஒரு தரம் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள்.

எறையூர்ப் பக்கம் கிறிஸ்துமஸுக்குக் குடில் வைக்கிற வீடுகளுக்கும் இதேதான். வைக்கோலுக்குள் வயரை ஓட விடாதீர்கள். குடிலுக்கு முன்னால் ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டால் அது நூறு அட்டைக்குச் சமம். யாரையும் அதட்ட வேண்டாம், முகம் சுளிக்க வேண்டாம். வந்த குழந்தை கை நீட்டும், எட்டாது, பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டுப் போகும்.

இன்னொன்றும் செய்யலாம். குழந்தைக்குத் தொட ஒரு பொருளைக் கொடுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, ஒரே ஒரு அகலைக் குழந்தையின் கையால் ஏற்றச் சொல்லுங்கள். கை நிறைந்த குழந்தை வேறெதையும் தேடாது.

பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு விளக்கு பார்க்கப் போகிற என் வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. குழந்தையின் கையை விடாதீர்கள். யார் வீட்டுக் கேட்டிலும் சாயாதீர்கள். யாராவது மாட்டிக்கொண்டால் ஓடிப்போய் இழுக்காதீர்கள், நீங்களும் சேர்ந்து போவீர்கள். முதலில் மெயினை அணையுங்கள், முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் தள்ளுங்கள், பிறகு 108.

விருந்தாளிக்கு ஒழுக்கம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒழுக்கம் தவறியதற்கு நாம் வைக்கிற தண்டனை, ஒரு அதட்டலுக்கு மேல் போகக்கூடாது. ஐந்து வயதுக் குழந்தை ஆசையாகக் கை நீட்டியதற்கு உயிரை விலையாகக் கேட்கிற விளக்கை வாசலில் வைத்துவிட்டு, அதற்குப் பண்டிகை என்று பேர் வைக்காதீர்கள். இந்த வருஷம் ஏணியைச் சாத்தும்போது அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, விளக்கை மூன்றடி மேலே ஏற்றிக் கட்டுங்கள்.