அழுத்துவது ஏன் என்று சொல்லிவிட்டு அழுத்துங்கள்

போன செமஸ்டர் இன்டர்னல் தேர்வில் ஒரு கேள்வி வந்தது. "மேமோகிராபியில் கம்ப்ரஷனின் பயன்களை எழுதுக." 5 மதிப்பெண். ஆறு பயன் எழுதினேன், ஐந்துக்கு ஐந்து கிடைத்தது. அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வி: "ஏண்டி, மார்பப் பலகையில வச்சு நசுக்குறதுக்குத்தான் காசு கட்டிப் படிக்கிறியா?"

அத்தைக்கு 52 வயது. டாக்டர் எழுதிக் கொடுத்து ஒரு மேமோகிராம் எடுத்திருக்கிறார். கட்டி எதுவும் இல்லை. ஆனால் இடது பக்கம் சின்னச் சின்ன சுண்ணாம்புப் புள்ளிகள் தெரிகின்றன, பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை, 6 மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கவும் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. 6 மாதம் முடிந்து இன்னும் 3 மாதமும் ஆகிவிட்டது. அத்தை போகவில்லை. காரணம் பணமும் இல்லை, தூரமும் இல்லை. "அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை பேசல. புடிச்சு வச்சுச்சு, மிஷின் இறங்குச்சு, உயிர் போயி வந்துச்சு. இனிமே செத்தாலும் போகமாட்டேன்."

தேர்வில் எழுதிய ஆறு பயன்களில் ஒன்றைக்கூட அத்தையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அப்படித்தான் அத்தை எடுக்கணும்" என்று முணுமுணுத்துவிட்டு வந்தேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நாம் மேமோகிராபியை எண்களாக மனப்பாடம் செய்கிறோம். ஒவ்வொரு எண்ணும் ஏன் அப்படி இருக்கிறது என்று படிக்காத ஒரு பெண்ணுக்குச் சொல்லத் தெரியவில்லை என்றால், அந்தப் பாடம் நமக்கு வரவில்லை என்றுதான் அர்த்தம். எனக்கு வரவில்லை. திரும்ப உட்கார்ந்து படித்தேன்.

முதலில் கிலோவோல்ட். நெஞ்சு எக்ஸ்ரேக்கு 100-க்கு மேல் வைக்கிறோம், மேமோகிராமுக்கு ஏறத்தாழ 25 முதல் 32 வரைதான். நெஞ்சில் காற்று, எலும்பு, இதயம் என்று ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இருக்கிறது. மார்பகத்தில் இருப்பது கொழுப்பும் சுரப்பித் திசுவும், இருந்தால் ஒரு கட்டியும். சுரப்பியும் கட்டியும் எக்ஸ்ரேக்கு அண்ணன் தம்பி மாதிரி, அடையாளம் பிரிப்பது கஷ்டம். கதிரின் ஆற்றல் குறைவாக இருக்கும்போதுதான் ஒளிமின் விளைவு ஓங்கி நின்று, அந்தச் சின்ன வித்தியாசத்தைப் பெரிதாக்கிக் காட்டும். ஆற்றல் கூடக்கூட காம்ப்டன் சிதறல் மேலே வந்து எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடும்.

மாலிப்டினம் வந்ததும் இதற்காகத்தான். அதன் சிறப்புக் கதிர்கள் 17.5, 19.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் வருகின்றன, நமக்கு வேண்டிய இடம் அதுதான். அதே மாலிப்டினத்தில் 0.03 மில்லிமீட்டர் தகட்டை வடிகட்டியாக வைத்தால், 20-க்கு மேல் உள்ளவற்றில் பெரும்பகுதியை அது பிடித்துக்கொள்ளும். குழாயின் ஜன்னல்கூட பெரிலியம். கண்ணாடி என்றால் இந்த மென்மையான கதிர்களைத் தானே தின்றுவிடும். (இன்றைய டிஜிட்டல் கருவிகள் பலவற்றில் டங்ஸ்டன் இலக்கும், ரோடியம் அல்லது வெள்ளி வடிகட்டியும் வந்துவிட்டன. நம் கைக்குக் கிடைக்கும் பழைய புத்தகங்கள் மாலிப்டினத்தோடு நின்றுவிடுகின்றன, எடுத்துப் படிக்கும்போது கவனம்.)

இப்போது அத்தையின் பலகைக்கு வருவோம். ஆற்றலைக் குறைத்தால் கதிர் ஊடுருவும் சக்தியும் குறையும். தடித்த இடத்தைத் தாண்ட வைக்க அதிக நேரம் கதிர் பாய வேண்டும். நேரம் கூடினால் டோஸ் கூடும், அசைவும் வரும். தடிமன் கூடினால் சிதறலும் கூடும். ஆகவே தடிமனைக் குறைத்தே ஆக வேண்டும். கிலோவோல்ட்டும் கம்ப்ரஷனும் நம் நோட்டில் வேறு வேறு பக்கத்தில் இருக்கின்றன, ஆனால் இரண்டும் ஒரே விஷயம். குறைந்த ஆற்றலுக்குக் கொடுக்கும் விலைதான் கம்ப்ரஷன். விலையைக் கொடுப்பது என்னவோ நாம் இல்லை, அந்தப் பெண்.

ஃபோக்கல் ஸ்பாட் 0.3 மில்லிமீட்டர், பெரிதாக்கி எடுக்க 0.1 என்பதையும் கேத்தோடு மார்புச் சுவர் பக்கம் இருக்கும் என்பதையும் எல்லோரும் எழுதிவிடுவோம். முதலாவது அத்தைக்கு வந்த மாதிரியான பொடிப் புள்ளிகளுக்காக. இரண்டாவது, தடித்த பக்கத்துக்குக் கதிர் கொஞ்சம் கூடுதலாகப் போவதற்காக. அவ்வளவுதான்.

வரலாற்றில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1913-இல் பெர்லினில் ஆல்பர்ட் சாலமன் என்ற அறுவை மருத்துவர், வெட்டி எடுக்கப்பட்ட சுமார் 3,000 மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். புள்ளிகள் அவர் படங்களிலேயே தெரிந்தன, ஆனால் அவற்றின் முக்கியத்துவம் அப்போது பிடிபடவில்லை. 1940-களின் கடைசியில் உருகுவே நாட்டு ராவுல் லெபோர்ன் வந்துதான் அந்தப் புள்ளிகள் புற்றுநோயின் அடையாளமாக இருக்கலாம் என்று வலியுறுத்தினார். நல்ல படம் வேண்டுமென்றால் மார்பகத்தை அழுத்த வேண்டும் என்று வலியுறுத்தியவரும் அவர்தான்! அத்தையை நசுக்கிய பலகைக்கும் அத்தையின் புள்ளிகளுக்கும் ஒரே ஆள் பொறுப்பு.

சரி, எவ்வளவு அழுத்துவது? அமெரிக்க விதிப்படி மோட்டார் கொடுக்கும் முதல் அழுத்தம் 111 முதல் 200 நியூட்டனுக்குள் நிற்க வேண்டும். ஆனால் எண்ணைப் பார்த்து அழுத்துவது சரியில்லை என்பது என் எண்ணம். தோல் விறைப்பாக நின்றால் போதும். அதற்கு மேல் அழுத்தினால் படம் பெரிதாக மாறாது, வலிதான் கூடும். கடைசிக் கொஞ்சத்தைக் கையால் மெதுவாகத் திருகி இறக்கிக்கொண்டே அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். போஸ்டிங்கில் நான் பார்த்த வரைக்கும், பெடலை மிதித்துவிட்டு மானிட்டரைப் பார்ப்பவர்களே அதிகம். பெயர் எதற்கு, எங்கேயும் நடப்பதுதான்.

பேச்சு என்பது மரியாதைக்காக மட்டும் இல்லை, அதுவும் டெக்னிக்தான். எம்.எல்.ஓ. படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கருவியை மார்புத் தசையின் சாய்வுக்கு இணையாக, பெரும்பாலும் 45 டிகிரி பக்கத்தில் சாய்க்கிறோம். நல்ல படத்தில் மார்புத் தசை முலைக்காம்பு மட்டம் வரை இறங்கித் தெரிய வேண்டும், கீழே மடிப்பு விரிந்திருக்க வேண்டும், காம்பு பக்கவாட்டில் தெரிய வேண்டும். பயந்துபோன பெண் என்ன செய்வார்? தோளை இறுக்குவார், மூச்சைப் பிடிப்பார், பின்னால் நகருவார். தசை இறுகிவிட்டால் திசுவை முன்னால் இழுக்க வராது. பின்பகுதி படத்தில் விழாது. தூக்கிப் பிடிக்காமல் விட்டால் மார்பகம் தொங்கி ஒட்டக மூக்கு மாதிரி ஒரு படம் வரும். அப்புறம் ரிப்பீட். ஒரு படத்துக்கான டோஸ், ஒரு தடவை அழுத்தம், இரண்டும் மறுபடியும் அவருக்குத்தான்.

"ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் தெரியுமா, எல்லோரிடமும் கதை பேச முடியுமா?" என்று சீனியர் அக்கா ஒருவர் கேட்டார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஒரே ஆள், ஒரே அறை, வெளியே வரிசை. ஆனாலும் ஒரு நிமிடப் பேச்சைவிட ஒரு ரிப்பீட் அதிக நேரம் தின்னும் என்று நினைக்கிறேன். தாலிக்கொடியைக் கழற்று என்று சொல்லி ஐந்து நிமிடம் சண்டை போடுவதைவிட, முதுகுப் பக்கம் தள்ளிக்கொள்ளுங்கள் அம்மா என்றால் முடிந்துவிடுகிறது. அக்குளில் பவுடர், டியோடரண்ட் போட்டு வந்தால் படத்தில் புள்ளி மாதிரியே தெரியலாம் என்பதை டோக்கன் கொடுக்கும்போதே சொல்லலாம். மாதவிலக்கு முடிந்த வாரத்தில் வந்தால் வலி குறைவு என்பதையும்தான்.

இன்னொன்று. நம் நாட்டில் எல்லாப் பெண்களுக்கும் மேமோகிராம் என்ற திட்டம் கிடையாது. 2016-இல் மத்திய அரசு கொடுத்த வழிமுறையில் இருப்பது, 30 முதல் 65 வயது வரை 5 ஆண்டுக்கு ஒருமுறை கையால் செய்யும் மார்பகப் பரிசோதனைதான். ஆக நம் அறைக்கு வருபவர்களில் பலர் ஏதோ ஒரு சந்தேகத்தோடு அனுப்பப்பட்டவர்கள். அப்படி வந்தவரை நம் அவசரத்தால் திருப்பி அனுப்பினால் அது சின்னத் தப்பு இல்லை.

வகுப்புப் பையன்களுக்கும் ஒரு வார்த்தை. "எங்களை அந்த அறைக்குள்ளேயே விடமாட்டாங்க, எங்களுக்கு எதுக்கு?" என்று இந்தப் பாடத்தைத் தாண்டிவிடுகிறீர்கள். நாளைக்குக் கருவியின் தரத்தைச் சோதிக்கப்போவதும், ஃபாண்டம் வைத்துப் படம் பார்க்கப்போவதும் நீங்களாக இருக்கலாம். உங்கள் வீட்டிலும் அத்தை இருப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஊருக்குப் போனேன். அத்தை குழம்புக்குப் புளி எடுத்துக்கொண்டிருந்தார். அந்த உருண்டையைக் காட்டி, "உள்ள கொட்டை இருக்கான்னு எப்படிப் பாப்பீங்க?" என்றேன். "பிச்சுப் பரப்பித்தான்." "அதேதான் அத்தை. பரப்பாம எடுத்தா ஒண்ணு மேல ஒண்ணு கிடந்து மறைச்சிரும்." கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அமுக்குனா உள்ள இருக்குறது உடைஞ்சு பரவாதா?" என்று கேட்டார். 9 மாதமாக மனதில் கிடந்த பயம் அதுதான் போலிருக்கிறது, வலி இல்லை! அப்படிப் பரவும் என்பதற்கு ஆதாரமே இல்லை என்றேன். வலித்தால் நிறுத்தச் சொல்லலாம், சில விநாடிதான், எடுத்ததும் பலகை தானாக மேலே போய்விடும் என்றும் சொன்னேன்.

"நீ கூட வருவியா?" என்றார்.

புதன்கிழமை போகிறோம். பவுடர் போடாமல் வரச் சொல்லியிருக்கிறேன். பழைய படங்களை மறக்காமல் எடுத்து வைத்தாயிற்று, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே.