திறப்பு யார் கையில்?



மில்லில் மிளகாயும் மாவும் அரைத்துக் கொடுக்கும் ஒரு பெண்ணிடம், “மெசினைத் துப்புரவு செய்யும்போது என்ன செய்வீர்கள்?” என்று கேட்டால், “சுவிச்சை நிறுத்திவிட்டுத்தான் கை வைப்போம்” என்பார். சரியான பதில்தான், ஆனால் பாதிப் பதில். நிறுத்திய சுவிச்சை வேறொருவர் போடமாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

எங்கள் ஊர் மில்களை நினைத்துப் பாருங்கள். பல இடங்களில் சுவிச் வாசற் சுவரில் இருக்கும், மெசின் உள்ளே இருக்கும். சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் குனிந்து, அடைத்துக்கொண்ட மாவைத் தோண்டி எடுப்பவரை வாசலில் நிற்பவருக்குத் தெரியாது. அரைக்க வந்தவர் அவசரப்படுகிறார், யாரோ உதவி செய்வதாக நினைத்துச் சுவிச்சைத் தட்டுகிறார். அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் பெல்ட்டுக்கும் கப்பிக்கும் இடையில் போன விரல் திரும்பி வராது. கணவனை இழந்து, தனிக் கையால் குடும்பத்தைத் தாங்கும் பெண்ணுக்கு அந்தக் கைதான் அடுப்பு எரிவதற்கு வழி.

மின்வெட்டு இன்னொரு பொறி. 2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதை மறந்திருக்கமாட்டோம். கரண்ட் போனதும் மெசின் தானாக நின்றுவிடும். “நின்றுதானே கிடக்கிறது, இந்த நேரத்தில் துடைத்துவிடுவோம்” என்று கை வைத்தால், சுவிச் போட்டபடியே இருக்கும். கரண்ட் திரும்பி வரும் நேரத்தை யார் சொல்லித் தருவார்? ஜெனரேட்டர் உள்ள இடத்தில் இன்னும் கவனம் தேவை, அதை இயக்குபவர் வேறு அறையில் இருப்பார்.

இதற்கு வழி ஒரு பூட்டு. மெயின் சுவிச்சை நிறுத்தியதும் அதை அந்த நிலையிலேயே பூட்டிவிட வேண்டும். இரும்புப் பெட்டியுள்ள சுவிச்சுகள் பலவற்றில் பூட்டுப் போட ஓட்டை இருக்கும். பிளக்கில் ஓடும் மெசின் என்றால் பிளக்கைக் கழற்றி, ஒரு சிறிய பெட்டிக்குள் வைத்துப் பூட்டலாம். திறப்பு, மெசினுக்குள் கை வைப்பவரின் இடுப்பில் இருக்க வேண்டும். மேசை லாச்சியிலோ முதலாளியிடமோ அல்ல. இருவர் வேலை செய்தால் இரண்டு பூட்டு, ஆளுக்கொரு திறப்பு. அமெரிக்காவில் 1989 ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட விதியின் சாரமும் இதுவே. பூட்டில் ஒரு மட்டையும் தொங்கட்டும்: “ஆள் வேலை செய்கிறார், சுவிச் போட வேண்டாம்.” தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள், மெக்கானிக் எந்த மொழிக்காரரோ தெரியாது. எழுத்து வாசிக்காதவருக்காக ஒரு சிவப்புத் துணியும் கட்டுங்கள்.

பூட்டியவுடன் கை வைத்துவிடக் கூடாது. கனமான சக்கரம் சுழன்று முழுவதும் நிற்கும்வரை காத்திருங்கள். பிறகு மெசினின் சுவிச்சை ஒருமுறை போட்டுப் பாருங்கள். அசைவு இல்லையென்றால் நிறுத்திய நிலைக்கே மாற்றிவிட்டு வேலையைத் தொடங்கலாம். இந்தச் சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தவறான சுவிச்சை நிறுத்தியிருந்தால் அதைக் காட்டிக்கொடுப்பது இதுதான்.

தையல் வேலை செய்யும் சகோதரிகளுக்கும் ஒரு சொல். ஆடைத் தொழிற்சாலைகளில் உள்ள பழைய வகை மோட்டர், சுவிச்சை நிறுத்திய பின்னரும் சிறிது நேரம் சுழலும். அந்த நேரத்தில் ஊசியை மாற்றும்போது கால் மிதியில் பட்டால் ஊசி விரலில் இறங்கும். நிறுத்தியபின் மிதியை அழுத்தி, மிச்ச வேகத்தைத் தீர்த்துவிட்டு ஊசியில் கை வையுங்கள். நீராவி அயன் என்றால் மின்சாரத்தை நிறுத்தி, ஆவியை முழுதாக வெளியேற்றி, ஆறவிட வேண்டும். ட்ரிப் சுவிச் இருக்கிறதே என்று நம்பியிருக்க வேண்டாம். அது மின்தாக்கத்துக்குத்தான் காவல், பெல்ட்டில் போகும் விரலை அது அறியாது.

“பூட்டு, மட்டை என்று கேட்டால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ” என்ற பயம் நியாயமானது. ஒருவர் மட்டும் கேட்காமல், வேலை செய்யும் எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். ஒரு பூட்டின் விலை முதலாளிக்குப் பாரம் அல்ல. தொழிற்சாலையில் இயந்திரங்களின் ஆபத்தான பாகங்களுக்கு மறைப்பு இருக்க வேண்டும் என்று 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு தர 1934 இலிருந்தே தனியான சட்டம் உண்டு. முறையிடுவதற்குத் தொழில் திணைக்களம் இருக்கிறது. காயம் பட்டால் வைத்தியசாலைத் துண்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். “மெசினில் அகப்பட்டது” என்று அங்கே தெளிவாகச் சொல்லுங்கள். வீட்டில் விழுந்ததாகச் சொல்லும்படி யார் கேட்டாலும் சம்மதிக்க வேண்டாம்.

வேலை முடிந்ததும் கழற்றிய மறைப்பைத் திரும்பப் பூட்டி, பக்கத்தில் யாரும் இல்லையென்று பார்த்து, போட்டவரே பூட்டை எடுக்க வேண்டும். புதுப் பூட்டோடு இரண்டு மூன்று திறப்புகள் வரும். மிச்சத் திறப்புகளை மில்லில் ஆணியில் தொங்கவிடாமல் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.