பச்சைப் பலகை இருக்கட்டும், கரண்ட் பில்லைக் காட்டுங்க!

ஓ.எம்.ஆர். பக்கம் போனா பெரிய பெரிய வளாகங்கள் வாசல்ல பளபளன்னு ஒரு பலகை: "பசுமைக் கட்டடம்". நிமிர்ந்து பார்த்தா, மேற்கு வெயிலுக்கு முகம் காட்டி நிற்கும் முழுக் கண்ணாடிச் சுவர். ஏசி நின்னா உள்ளே ஒரு மணி நேரம் உட்கார முடியாது. இதுக்குப் பேரு பசுமையாம்!

புதுக் கட்டடத்துக்கான சான்று பெரும்பாலும் கணினியில் மாதிரி போட்டு, "இவ்வளவு மின்சாரம்தான் செலவாகும்" என்று முன்கூட்டியே சொல்லும் கணக்கு. ஆட்கள் குடியேறிய பிறகு உண்மையில் எவ்வளவு ஓடுச்சு? நம்ம வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை வர்றவர் மீட்டரைத்தான் பார்க்கிறார், இன்ஜினியர் போட்ட பிளானைப் பார்த்துட்டுப் போறதில்ல. ஏழைக்கு மீட்டர், பணக்காரனுக்கு மதிப்பீடா?

இப்போ அடுத்தது வருது: கூட்டுக் குளிரூட்டல். ஒரே நிலையத்தில் தண்ணீரைக் குளிரவைத்து, குழாய் வழியா பல கட்டடங்களுக்கு அனுப்புறது. குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் ஓடுது. சிங்கப்பூர் மரீனா பேயில் 2006 முதல் ஓடுது. நல்ல தொழில்நுட்பம்தான். ராத்திரியே குளிரைச் சேமித்து வைத்தால் பகல் உச்சநேரச் சுமை குறையும். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்தச் சுமையைக் குறைக்கும் எதையும் நாம எதிர்க்கப் போறதில்ல. "வளர்ச்சிக்கு எதிரி"ன்னு கிளம்பிடாதீங்க.

ஆனா சூட்சுமம் இங்கதான். குளிர்விக்கும் இயந்திரம் கட்டடத்துக்கு வெளியே போயிட்டா, கட்டடத்தின் மின்மீட்டர் தானாகவே இறங்கிடும். செலவு மறையல, பக்கத்து மனைக்கு இடம் மாறிடுச்சு, அவ்வளவுதான்! வாங்கிய குளிர்நீரை மின்சார யூனிட்டாக மாற்றிக் கணக்கில் சேர்க்காம சான்று கொடுத்தால், ஒழுகும் கண்ணாடிப் பெட்டி கூட உத்தமக் கட்டடம் ஆயிடும். பல மாநிலங்களில் இந்தச் சான்றைக் காட்டி கூடுதல் தளப்பரப்பே வாங்குறாங்க. அப்போ இது வெறும் பலகை இல்ல தோழர்களே, காசு!

இன்னொண்ணு. ஒருமுறை குழாயில் இணைஞ்சா வேற ஆளிடம் குளிர்நீர் வாங்க முடியாது. நிலையம் வச்சிருக்கிறவன் சொன்னதுதான் விலை. அந்தச் சுமை கடைசியில் அங்கே சின்னக் கடை வச்சிருக்கிறவர் வாடகையில் வந்து விழும். சிங்கப்பூர் 2001லேயே இதுக்குத் தனிச் சட்டம் போட்டு, ஒழுங்குமுறை ஆணையத்தின் கீழ் கொண்டு வந்துருச்சு. நம்ம ஊர்ல மின்கட்டணத்துக்கு ஆணையம் இருக்கு, குளிர்நீருக்கு யாரு?

தண்ணியையும் கேக்கணும். இந்த நிலையங்களின் குளிர்கோபுரங்கள் நீரை ஆவியா விடும். 2019ல குடத்தோடு லாரிக்குக் காத்து நின்ன ஊர் இது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரைச் சுத்திகரித்து ஆலைகளுக்குக் கொடுக்கிறார்கள். குளிர்கோபுரத்துக்கும் அந்த நீர்தான், குடிநீர் ஒரு சொட்டு கூடாது.

வழி இல்லாமலும் இல்ல. எரிசக்தித் திறன் பணியகம், ஓடுகிற அலுவலகக் கட்டடங்களுக்கு சதுர மீட்டருக்கு எத்தனை யூனிட் என்று உண்மைச் செலவைப் பார்த்து நட்சத்திரம் தரும் திட்டத்தை 2009லேயே கொண்டு வந்தது. ஆனா விருப்பம் இருந்தா வரலாம்! அதைப் பெரிய வணிகக் கட்டடங்களுக்குக் கட்டாயமாக்கு. குளிர்நீரையும் கணக்கில் சேர். ஆண்டுதோறும் செலவை வாசல்ல எழுதி ஒட்டு. மூணு வருஷம் தேறாதவனிடம் சலுகையைத் திரும்ப வாங்கு.

#பில்லைக்_காட்டு