மூன்று நாள் விடுமுறை யாருக்கு? அமீரக வேலை நேரமும் நம் சபுராளிகளும்

2022 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகம் அரசு அலுவலகங்களின் வேலை வாரத்தை நாலரை நாளாக்கியது. ஷார்ஜா இன்னும் ஒரு படி போய், வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடுமுறை என்றது. ஆனால் நம் ஊர்களிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் கடை, கிடங்கு, ஓட்டல் என்று தனியார் துறையில் இருப்பவர்கள். அவர்களுக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு வாரத்துக்கு 48 மணி நேரம், ஓய்வு குறைந்தது ஒரு நாள். வெள்ளிக்கிழமை வேலை நாளானவர் ஜும்ஆ முடிந்ததும் ஓட்டமாய்க் கடைக்குத் திரும்புகிறார்.

ஆண்டு விடுப்பு 30 நாள். 25 வயதில் விமானம் ஏறி 55 வயதில் திரும்புபவர், ஒரு விடுப்பையும் தவற விடாவிட்டாலும், அந்த 30 வருடத்தில் வீட்டில் இருந்தது இரண்டரை வருடத்துக்கும் குறைவு. அந்த நாட்களாவது ஓய்வா? தங்கைக்கு மாப்பிள்ளை பார்ப்பது, வீட்டுக்குத் தளம் போடுவது, வங்கிக்கு அலைவது, சொந்தக்காரர் வீட்டு விருந்துகள். பிள்ளை வாப்பாவிடம் ஒட்டத் தொடங்கும்போது டிக்கெட் தேதி வந்துவிடும். குடும்பத்தை அழைத்துக்கொள்ள 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் வேண்டும். அந்த வரம்பைத் தொட்டவரும் வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் பார்த்துப் பின்வாங்குகிறார். இங்கே மாமியாரையும் பிள்ளைகளையும் தனியாய்ப் பார்த்துக்கொள்ளும் மனைவியின் வேலைக்கு லீவு என்ற பேச்சே கிடையாது.

'வயதானபின் ஓய்வெடுத்துக்கொள்ளலாம்' என்பதுதான் இத்தனைக்கும் சமாதானம். ஆனால் அங்கே வெளிநாட்டுத் தொழிலாளருக்கு அரசு ஓய்வூதியம் இல்லை, பெரும்பாலோருக்குக் கையில் வருவது பணிக்கொடைதான். முதல் 5 வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் சம்பளம், அதன்பின் 30 நாள். இதில் பலர் கவனிக்காத விஷயம், கணக்கு அடிப்படைச் சம்பளத்தின் மீது மட்டுமே. மொத்தம் 2,500 திர்ஹம் வாங்குபவரின் ஒப்பந்தத்தில் அடிப்படை 1,000 என்றிருந்தால், 10 வருடத்துக்கு அவருக்குக் கிடைப்பது 8,500 திர்ஹம். அதுவே 2,000 என்றிருந்தால் 17,000. மாதாமாதம் கைக்கு வருவது ஒன்றுதான் என்பதால் யாரும் கேட்பதில்லை. புதிதாய்ப் புறப்படும் தம்பிகள் கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டிய வரி அது. ஏற்கெனவே அங்கிருப்பவர்கள் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது கேட்கலாம்.