மீன்காரி என்ன செய்தாள்?

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆங்கிலக் கட்டுரை மொழிபெயர்ப்புக்கு வந்தது. ஒரு தலைவர் இன்னொரு தலைவரைத் திட்டித் தீர்த்த கதை. நடுவில் 'பில்லிங்ஸ்கேட்' என்றொரு சொல். பெரிய எழுத்தில் தொடங்கினால் அது லண்டன் மீன் சந்தையின் பெயர். சின்ன எழுத்தில் தொடங்கினால் ஆபாசமான ஏச்சுப் பேச்சு. தமிழில் பெரிய எழுத்தும் கிடையாது, சின்ன எழுத்தும் கிடையாது. அப்படியே போட்டால் வாசகர் ஊர்ப் பெயர் என்று நினைத்துக்கொள்வார். ஆகவே, கெட்டிக்காரத்தனமாக 'மீன்காரி பேச்சு' என்று எழுதினேன்.

புரூஃப் பார்க்கும் இளைஞர் தாளோடு வந்து நின்றார். "சார், இந்த இடம் சரியா இருக்கா?" எழுத்துப் பிழை எதுவும் தெரியவில்லை. "எங்கம்மா மீன் வித்துத்தான் சார் என்னைப் படிக்க வெச்சாங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் சங்கடம்.

அகராதிகளை மறுபடி புரட்டினேன். தேம்ஸ் நதிக்கரையில் இருந்த பில்லிங்ஸ்கேட்டை எல்லா வகை மீனுக்குமான திறந்த சந்தையாக ஆக்கியது 1699-ம் வருடச் சட்டம். அங்கே மீன் வாங்கி, கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்றவர்கள் பெண்கள். பொழுது சாய்வதற்குள் கெட்டுவிடும் சரக்கு, விடாத பேரம். குரல் உயராமல் என்ன செய்யும்? 1755-ல் வெளியான தன் அகராதியில் சாமுவேல் ஜான்சன், கீழ்மக்கள் கூடிச் சண்டை போடும் இடம் என்று அந்தச் சந்தையை வர்ணித்து, பேச்சுக்கும் அதே பெயர் என்று பதிவு செய்துவிட்டார். மீன் விற்பவளைக் குறிக்கும் 'ஃபிஷ்வைஃப்' என்ற சொல்லுக்கும் வாய்த்துடுக்குக்காரி என்ற இரண்டாவது அர்த்தம் உண்டு.

பெரிய மனிதர்கள் மேடையேறித் திட்டினால்? மாசிடோனிய மன்னர் பிலிப்பை கிரேக்கத்தின் டெமாஸ்தனிஸ் வெளுத்து வாங்கிய உரைகளிலிருந்து ஆங்கிலத்துக்கு 'பிலிப்பிக்' என்ற சொல் கிடைத்தது. மார்க் ஆண்டனியை சிசரோ சாடிய உரைகளுக்கும் அதே பெயர்தான். அதெல்லாம் இலக்கியம், பாடமாகவே படிக்கிறார்கள். நாமும் லேசுப்பட்டவர்கள் அல்ல. காளமேகம் திட்டினால் வசைகவி. தண்ணீருக்கு நிற்கும் பெண்கள் திட்டினால் குழாயடிச் சண்டை.

உண்மையில் அன்று 'மீன்காரி'க்குப் பதிலாக 'குழாயடி'யைத்தான் முதலில் யோசித்தேன். அதுவும் பெண்கள் தலையில்தான் விடிகிறது.

லண்டன் சந்தை 1982-ல் நகரின் கிழக்கே பாப்லருக்கு இடம் மாறியது. சொல்லின் அர்த்தம் மாறவில்லை. நம்மூரில் அவையில் கூச்சல் எழுந்தால், 'இதென்ன மீன் மார்க்கெட்டா?' என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. இத்தனைக்கும் கட்டுரையில் திட்டிய தலைவர் வெளிநாட்டில் சட்டம் படித்தவர். எந்த மீன் சந்தைக்கும் பை தூக்கிக்கொண்டு போயிருக்க மாட்டார்.

'மீன்காரி பேச்சு' என்பதை அடித்துவிட்டு 'வசைமாரி' என்று எழுதிக் கொடுத்தேன். இளைஞர் வாங்கிப் பார்த்தார். அவசரத்தில் நான் விட்டிருந்த ஒரு துணைக்காலைச் சேர்த்துக்கொண்டு போனார்.