எந்த அலமாரியில் வைப்பது?

நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்ரே மூலம் சிகிச்சை அளிப்பது பற்றி இந்தியாவில் 1950ஆம் ஆண்டுவாக்கில் நடந்த ஆராய்ச்சி. இப்படியொரு புத்தகம் நூலகத்துக்கு வந்தால் எங்கே வைப்பது? காசநோய் வரிசையிலா, எக்ஸ்ரே வரிசையிலா, இந்தியா பற்றிய நூல்களோடா? புத்தகம் நிற்க ஓர் இடம்தான் உண்டு. தேடி வருகிறவர்களோ ஆளுக்கொரு திசையிலிருந்து வருவார்கள்.

இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணிதப் பேராசிரியராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்காக லண்டன் போனபோது ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். அதே பட்டைகள், அதே திருகுகள்தான். மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மைகள். நூலின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துப் பூட்டலாமே என்ற எண்ணம்தான் 1933இல் கோலன் பகுப்புமுறையாக வெளிவந்தது. மேலே சொன்ன காசநோய் நூல், அந்த முறையை விளக்க வழக்கமாகக் காட்டும் உதாரணம். மருத்துவம், நுரையீரல், காசநோய், சிகிச்சை, எக்ஸ்ரே, ஆராய்ச்சி, இந்தியா, 1950 என ஒவ்வொரு கூறும் அதன் எண்ணுக்குள் இருக்கும்.

இன்று நாம் ஒரு செய்திக்கோ படத்துக்கோ இடும் குறிச்சொற்களும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கின்றன. கோப்புறை என்பது அலமாரி. ஒன்றில் வைத்தால் இன்னொன்றில் இல்லை. குறிச்சொல் அப்படியல்ல, வாசல். வருமான வரி கட்டிய ரசீதுக்கு ‘வரி’ என்றும் ‘வங்கி’ என்றும் இரண்டு குறிச்சொல் இடலாம். எந்த வாசலில் நுழைந்தாலும் ரசீது கிடைக்கும்.

ஆனால் ஒன்றை விட்டுவிட்டோம். மெக்கானோ பட்டைகள் பொருந்துவதற்குக் காரணம், துளைகள் எல்லாம் அரை அங்குல இடைவெளியில் ஒரே சீராக இருப்பது. ரங்கநாதனும் எந்தக் கூறுக்கு எந்தக் குறியீடு என்று அட்டவணை போட்டுக் கொடுத்தார். 2007இல் கிறிஸ் மெசினா ட்விட்டரில் முன்மொழிந்த ஹேஷ்டேகுக்கு அப்படி ஒரு அட்டவணை கிடையாது. யாரும் எதையும் எழுதலாம்.

விளைவை அடுக்களையில் பார்க்கலாம். வீட்டுச் சமையல் குறிப்புகளைத் தொகுக்கும்போது ஒருவர் ‘கத்தரிக்காய்’ என்று குறிக்கிறார், இன்னொருவர் ‘கத்திரிக்காய்’ என்கிறார். இரண்டுமே வழக்கில் உள்ளவைதான். கணினிக்கோ அவை இரண்டு காய்கள். எண்ணெய்க் கத்தரிக்காய் ஒரு பட்டியலில், கத்திரிக்காய் கொத்சு இன்னொன்றில். ஒன்றைத் தேடினால் மற்றது கண்ணில் படாது. ‘சமையல்’ என்று எல்லாவற்றுக்கும் போட்டாலோ பயனில்லை. எல்லாக் குறிப்பிலும் இருக்கும் சொல் எதையும் பிரித்துக் காட்டாது. ஒரே குறிப்புக்குப் பதினைந்து சொல் அடுக்கினாலும் இதே கதைதான்: கடுகு தாளித்ததற்காகக் ‘கடுகு’ என்று போட்டால், கடுகைத் தேடுபவருக்குப் பாதிச் சமையலறையே வந்து நிற்கும்.

ஆகவே குறிச்சொல் இடுமுன் கேட்டுக்கொள்ள வேண்டியது, ‘இது எதைப் பற்றியது’ என்பது அல்ல. ‘ஆறு மாதம் கழித்து இதைத் தேடுபவர் எந்தச் சொல்லைத் தட்டுவார்’ என்பதுதான். அப்படிப் பார்த்தால் மூன்று நான்கு சொற்களே மிஞ்சும். பலர் சேர்ந்து தொகுப்பதென்றால், முதல் குறிப்பை ஏற்றுவதற்கு முன்பே கூடிப் பேசி முடிவெடுத்துவிட வேண்டும்: கத்தரியா, கத்திரியா?