நாட்டு விதைன்னு எழுதிட்டா போதுமா?

மக்களே, பொட்டி தட்டுற நம்ம கூட்டத்துக்குள்ள ஒரு புது வியாதி பரவிட்டு இருக்கு. வாரம் பூரா ஆணி புடுங்குறது, லீவுக்கு ஊருக்குப் போனா நாலு வத்தலை உடைச்சு விதையைத் தட்டி ஜிப் கவர்ல போடுறது, "பாரம்பரிய நாட்டு விதை"ன்னு ஸ்டிக்கர் ஒட்டி ஆன்லைன்ல விக்கிறது. அடுத்தவனைச் சொல்லலை சாமிகளா. நானும் இதைத்தான் பண்ணினேன். அதனால திட்டுறதுக்கு எனக்கு முழுத் தகுதியும் இருக்கு.

எங்க ஊர் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவுல. கரிசல், வானம் பார்த்த பூமி. புரட்டாசி மழையை நம்பி விதைச்சா தை, மாசியில பழம் பறிக்கலாம். களத்துல காயப்போட்டு மூட்டை கட்டினா வத்தல். நீளமா இருந்தா சம்பா, குண்டா இருந்தா முண்டு. எங்க வீட்டுல சம்பாதான்.

கணக்கு போட்டுப் பார்த்தப்போ எனக்கே தலை சுத்துச்சு. ஒரு கிராம்ல சுமாரா 150 மிளகாய் விதை. நான் வித்தது 20 விதை 60 ரூபாய். அப்படின்னா கிலோ நாலரை லட்சம்! கமிஷன் கடையில எங்கப்பா வத்தலுக்கு ஆயிரம் கூட்டிக் கேட்க நாள் முழுக்க நிக்கிறவர். அவர்கிட்ட இந்தக் கணக்கைச் சொன்னேன். "களவாணிப் பய"ன்னு சிரிச்சார். சிரிப்பாத்தான் எடுத்துக்கிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் போன். இளையாங்குடிப் பக்கத்து விவசாயி. என்கிட்ட மொத்தமா 200 கிராம் வாங்கி, நாத்துவிட்டு அரை ஏக்கர் நட்டவர். "தம்பி, சம்பான்னுதானே குடுத்தீங்க? ஒண்ணு ஊசியா இருக்கு, ஒண்ணு கட்டையா இருக்கு, ஒண்ணு வானத்தைப் பார்த்துக் காய்க்குது. கலப்பு வத்தலை எவன் வாங்குவான்?" கோபமாப் பேசியிருந்தா தேவலை. ரொம்ப நிதானமா கேட்டார். விதைக் காசைத் திருப்பி அனுப்பிட்டேன். அவரோட வெள்ளாமையை எந்த ஆப்ல திருப்பி அனுப்புறது?

நடந்தது இதுதான். அப்பா விதைக்குன்னு எடுக்கிறது நடுப்புஞ்சையில, நல்ல செடியாப் பார்த்து, தனியாப் பறிச்ச பழம். அது தீர்ந்துபோச்சு. ஆர்டர் நிக்குதேன்னு நான் மூட்டையில இருந்த வத்தலை உடைச்சேன். அதுல ஓரத்துச் செடிப் பழமும் இருந்துச்சு. வரப்புக்கு அந்தப் பக்கம் கம்பெனி ஹைபிரிட். மிளகாய் தன் மகரந்தத்துலயே காய்க்கும்தான், ஆனா தேனீ வந்தா கலந்துரும். இந்த வருஷக் காயில தெரியாது, அதோட விதையை முளைக்கப்போட்டு அது காய்க்கும்போதுதான் குட்டு வெளிப்படும். சான்று விதைக்கு வேற ரகத்துல இருந்து 200 மீட்டர், ஆதார விதைக்கு 400 மீட்டர் இடைவெளி கேட்கிறது சும்மா இல்லை.

இதை நண்பர்கள்கிட்ட சொன்னா வர்ற பதில் இருக்கே! "நம்ம பாட்டன் என்ன மீட்டர் வச்சா அளந்தான்?"ங்கிறாங்க. அளக்கலை ராசா. ஊரே ஒரே சம்பாவை விதைச்ச காலத்துல பக்கத்துப் புஞ்சை மகரந்தமும் சம்பாதான். இன்னிக்கு அப்படியா? பாட்டன் தெரிஞ்சு பொறுக்கினான். நாம பொறுக்குறதை விட்டுட்டு பாட்டன் பேரை மட்டும் வச்சுக்கிட்டோம்.

"லேபிள், டெஸ்ட் எல்லாம் கார்ப்பரேட் சதி"ன்னு இன்னொரு கோஷ்டி. கம்பெனிக்காரன் பாக்கெட்ல முளைப்புத்திறன், தேதி, லாட் நம்பர் இருக்கு. நம்ம பாக்கெட்ல நம்மாழ்வார் ஐயா படம் இருக்கு. ஏமாந்தவன் யாரைப் பிடிக்கிறது? மிளகாய்க்குக் குறைஞ்சபட்ச முளைப்பு 60 சதவீதம்னு தரம் வச்சிருக்காங்க. மிச்சமிருந்த என் விதையில 100 எண்ணி ஈரத்துணியில சுத்தி 14 நாள் வச்சேன். முளைச்சது 43. அந்தத் துணியை விக்கிறதுக்கு முன்னாடி நனைச்சிருக்கணும். பழ அழுகல் நோய் விதையோடவே பயணம் போகும்ங்கிறதும் அப்புறம்தான் தெரிஞ்சுது. எத்தனை பேருக்கு அதையும் இலவசமா அனுப்பினேனோ.

அரசாங்க ஆராய்ச்சியைக் கிண்டல் பண்றவங்க ஒண்ணைக் கவனிக்கணும். கோவில்பட்டி கே 2 மிளகாய்க்கு ஒரு பெற்றோர் சாத்தூர் சம்பா. பரமக்குடி பி.எம்.கே 1-க்கு ராமநாதபுரம் முண்டு. எதை எதோட சேர்த்தாங்கன்னு எழுதி வச்சிருக்காங்க. நம்ம "நாட்டு"க்கு அப்பன் ஆத்தா யாருன்னு நமக்கே தெரியாது. 2023ல ராமநாதபுரம் முண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சதும் அதையும் விதைப் பாக்கெட்ல போட ஆரம்பிச்சுட்டாங்க. அது அந்த மண்ணுல விளைஞ்ச மிளகாய்க்குக் கிடைச்ச பேருய்யா. வேளச்சேரி மாடித்தொட்டிக்கு ஒட்டாது.

சட்டத்தையும் சொல்லிடறேன். தன் நிலத்துல விளைஞ்ச விதையைத் தன் இடத்துலயே வச்சு நேரடியா இன்னொரு விவசாயிக்குக் கொடுத்தா 1966 விதைச் சட்டம் குறுக்கே வராது, 24வது பிரிவு. விதை விக்கிறதைத் தொழிலாப் பண்ணினா 1983 கட்டுப்பாட்டு ஆணைப்படி உரிமம் வேணும். கூரியர்ல அனுப்புற நான் இதுல எந்தப் பக்கம்? வாசல்ல வச்சு விக்கிற சின்ன விவசாயிக்குத் தபால்லயும் அந்தச் சலுகை வேணும்னு நானும் சண்டை போடுவேன். ஆனா பாக்கெட்ல எந்த ஊர், எந்தப் பறிப்பு, பக்கத்துல என்ன ரகம், நூத்துக்கு எத்தனை முளைச்சதுன்னு எழுதுற யோக்கியதை முதல்ல நமக்கு வரட்டும். உரிமம் வாங்குற செலவுகூட இல்லை இதுக்கு.

இப்போதைக்குக் கடைக்குப் பூட்டு. புஞ்சை நடுவுல 30 செடிக்குப் பூக்கிறதுக்கு முன்னாடியே வலை கட்டப்போறேன். "செடிக்கு எதுக்குடா கொசுவலை"ன்னு அம்மா இப்பவே கேட்டாச்சு. வாங்கின 41 பேருக்கும், அதுல இருந்து மறுபடி விதை எடுக்காதீங்கன்னு மெயில் போட்டேன். பதில் வந்தது 6 பேர்கிட்ட இருந்து. மிச்ச 35 பேர்ல எத்தனை பேர் ஏற்கனவே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்திருப்பாங்களோ தெரியலை.